பல்பைச் சுற்றி வளையம் தெரிகிறதா?

போன வாரம் என் அறைக்கு வந்த தையல்காரர் ஒருவர், மஞ்சள் பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய எல்இடி பல்பை எடுத்து மேசைமேல் வைத்தார். "என் கண்ணைக் கெடுத்தது இதுதான் டாக்டர்" என்றார். இதை மாட்டிய நாளிலிருந்து, இருட்டினால் விளக்கைச் சுற்றி வானவில் போல வளையம் தெரிந்ததாம். பக்கத்து வீட்டுக்காரர் பேச்சைக் கேட்டு வேறு பல்பு மாற்றினார்; அப்புறம் கடைகடையாக அலைந்து பழைய குண்டு பல்பு வாங்கி மாட்டினார். ஒன்றரை ஆண்டு இப்படியே போய்விட்டது.

கண் அழுத்தம் பார்த்தேன். 34. இருபத்தொன்றைத் தாண்டினாலே நாங்கள் விடமாட்டோம். கிளாக்கோமா; கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பைக் கெடுக்கும் நோய். இடது கண்ணில் பக்கப் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. போனது திரும்பாது. இந்த ஆண்டில் இப்படி வந்தவர்களில் இவர் நான்காவது ஆள்.

புதிய விளக்கைக் கண்டு அஞ்சுவது இன்று நேற்று வந்ததல்ல. 1891இல் வெள்ளை மாளிகைக்கு மின்விளக்கு வந்தபோது, குடியரசுத் தலைவர் பெஞ்சமின் ஹாரிசனும் அவர் மனைவியும் ஷாக் அடிக்கும் என்று சுவிட்சைத் தொடவே மாட்டார்களாம். பணியாளர்கள்தான் விளக்கைப் போட்டு அணைத்தார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அன்றைய மின்கம்பிகளின் தரம் அப்படி.

ஆனால், எல்இடியின் நீல ஒளி விழித்திரையைப் பொசுக்கிவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. வெள்ளை எல்இடிக்குள் நீல ஒளி தரும் சில்லு இருக்கிறது. அதன்மேல் பூசிய மஞ்சள் பூச்சு அந்த ஒளியில் பெரும்பகுதியை வேறு நிறங்களாக மாற்றிவிடுகிறது. கொஞ்சம் நீலம் மிஞ்சும், உண்மைதான். கணக்குப் பாருங்கள். இரவில் நம் வீட்டுக் கூடத்தில் இருப்பது நூறு, இருநூறு லக்ஸ் வெளிச்சம். உச்சி வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ். வெயிலிலும் நீல ஒளி உண்டு, தாராளமாகவே உண்டு. காய்கறி வாங்கக் கால் மணி நேரம் வெயிலில் நின்றால், ஒரு மாலை முழுவதும் பல்பு தருவதைவிட அதிக நீல ஒளி கண்ணுக்குள் போகிறது. காய்கறிக் கடைக்குப் போகப் பயப்படுகிறோமா?

புதிய பல்பின் வெளிச்சம் ஒரே இடத்தில் குவிந்து கூசும். அதனால், கண்ணில் ஏற்கெனவே இருக்கும் கோளாறு அதில் பளிச்சென்று தெரியும். வண்ண வளையம் கண் அழுத்தத்தால் வரலாம். வெளிச்சம் சிதறிக் கூசினால் கண்புரையாக இருக்கலாம். தையல்காரருக்கு அந்தப் பல்பு ஒன்றரை ஆண்டுக்கு முன்பே சேதி சொல்லியிருக்கிறது.

எல்இடியில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. மலிவுப் பல்புகள் சில விட்டுவிட்டுத் துடிக்கும்; தலைவலி தரும். செல்போன் கேமராவில் பார்த்தால் கோடுகள் ஓடும். அதை மாற்றுங்கள். படுக்கும் முன் பளீரென்ற வெள்ளை வெளிச்சம் தூக்கத்தைத் தள்ளிப்போடும். படுக்கையறைக்கு மங்கிய மஞ்சள் வெளிச்சம் போதும்.

நாற்பது வயதைத் தாண்டினால் கண் அழுத்தமும் பார்வை நரம்பும் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது இதற்கு ஈடாகாது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு சொட்டு மருந்தை மாதக்கணக்கில் விடாதீர்கள். அதுவே அழுத்தத்தை ஏற்றும். வளையம் தெரிந்தால், கண் வலித்தால், அன்றைக்கே வாருங்கள், தயவுசெய்து.

தையல்காரருக்கு லேசர் சிகிச்சை செய்து, சொட்டு மருந்தும் கொடுத்திருக்கிறேன். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் உடன்பிறந்தவர்களுக்கும் வர வாய்ப்பு அதிகம். தம்பிக்கு நாற்பத்தாறு வயதாம். வரும் திங்கட்கிழமை அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன்.