உங்கள் கடைப் பெயரை நீங்களே தேடிப் பார்க்காதீர்கள்

தன் இணையக் கடையின் பெயரைத் தானே கூகுளில் தேடிப் பார்த்து ஏமாந்து என்னிடம் வந்தவர்களில், இந்த வருஷத்தில் இது நான்காவது ஆள். போன மாதம் திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஓர் அக்கா வந்தார். கருவாடு, மாசி, வீட்டில் திரித்த மிளகாய்த்தூள் எல்லாம் ஒன்லைனில் விற்கிறார். வந்ததும் வராததுமாகப் போனை நீட்டினார்.

"தம்பி, கூகுளில நாங்கதான் முதலாவது. ஆனா ஆறு மாசமா அதால ஒரு ஓடர்கூட வரேல்ல."

வாங்கிப் பார்த்தேன். தேடும் பெட்டியில் அவருடைய கடையின் பெயர், ஓர் எழுத்தும் பிசகாமல். கீழே முதலாவதாக அவருடைய கடை. இந்தத் திரையைப் படம் பிடித்து அனுப்பித்தான், "முதலிடம் உத்தரவாதம்" என்று சொன்ன ஒரு நிறுவனம் அவரிடம் 45,000 ரூபா வாங்கியிருக்கிறது.

எனக்கு வந்த கோபத்தை அக்காவிடம் காட்டவில்லை. இங்கே காட்டிவிடுகிறேன்.

மகளின் பெயரில் பாதி, மகனின் பெயரில் பாதி எடுத்து ஒட்டிக் கடைக்குப் பெயர் வைத்திருக்கிறீர்கள். உலகத்தில் வேறு எந்தக் கடைக்கும் அந்தப் பெயர் இல்லை. அதைத் தேடினால் கூகுள் வேறு எதைத்தான் காட்டும்? சந்தைக்கு நடுவில் நின்று உங்கள் பெயரை நீங்களே கூப்பிட்டு, நீங்களே திரும்பிப் பார்ப்பது போன்றது அது. அதுவும் எந்தப் போனில்? தினமும் பத்துத் தடவை அந்தத் தளத்தைத் திறக்கிற உங்கள் போனில். தேடுகிறவர் எங்கே இருக்கிறார், முன்பு எதையெல்லாம் திறந்தார் என்பதைப் பொறுத்தும் முடிவுகள் மாறும். உப்புவெளியில் உங்கள் போன் காட்டுவதைக் கொழும்பு வெள்ளவத்தையில் இருப்பவரின் போன் காட்ட வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை.

இன்னும் விளங்கவில்லை என்றால் இப்படி யோசியுங்கள். உங்கள் கடைப் பெயர் தெரிந்தவருக்குக் கூகுள் எதற்கு? அவரிடம் உங்கள் வட்ஸ்அப் நம்பரே இருக்கும். நீங்கள் பிடிக்க வேண்டியவர் உங்கள் பெயரையே கேள்விப்படாதவர். அவர் "நெத்தலிக் கருவாடு எங்கே வாங்கலாம்" என்று தேடுவார். இல்லையென்றால் அதையே ஆங்கில எழுத்தில் தட்டுவார். அதற்கு நீங்கள் வருகிறீர்களா? அந்த அக்கா முதல் பத்துப் பக்கத்திலும் இல்லை. "முதலாவதாக வருவோம்" என்று யாராவது சொன்னால் "எந்தச் சொல்லுக்கு?" என்று கேளுங்கள். பாதிப் பேர் அந்த இடத்திலேயே போனை வைத்துவிடுவார்கள். மிச்சப் பேருக்கும் ஒரு பதில் இருக்கிறது: முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டிக் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறது.

(காசு கட்டி விளம்பரம் போடுவது வேறு கதை. அது விளம்பரம் என்ற அடையாளத்தோடு வரும், காசு நின்றால் தானும் நிற்கும். விளம்பரம் போட்டவருக்குச் சாதாரண முடிவுகளில் சலுகை எதுவும் கிடையாது.)

சரி, தளத்தைத் திறந்தோம். 34 பொருட்கள். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு படம், படத்துக்குள்ளேயே விலையும் நிறையும், சுற்றிவரப் பூ. கீழே எழுத்தாக இருந்தது இரண்டே சொல்: "பிரீமியம் குவாலிட்டி". நெத்தலிக்கும் அதுதான், திருக்கைக்கும் அதுதான், மிளகாய்த்தூளுக்கும் அதுதான்.

"அக்கா, இந்த நெத்தலி எப்படியானது?" என்று சும்மா கேட்டேன்.

"இது குச்சவெளிப் பக்கமிருந்து வாறது தம்பி. தலை கிள்ளினது. மண்ணில போடாம வலையில காய வச்சது, அதால பல்லில நறநறக்காது. உப்புக் குறைவு, ரெண்டு தரம் அலசினாக் காணும். வறுத்தா மொறுமொறெண்டு நிக்கும். குழம்புக்கெண்டா இது சரிவராது, மற்றப் பெரிய நெத்தலிதான் நல்லம்."

"இதை ஏன் தளத்தில் எழுதவில்லை?"

"இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

இல்லை அக்கா, தெரியாது. கொழும்பில் மாடி வீட்டில் இருக்கிறவருக்குத் தெரியாது, கூகுளுக்கும் தெரியாது. பக்கத்தில் எழுத்தாக இருப்பதைத்தான் அது முதலில் நம்பும். முக்கியமான விஷயத்தைப் படத்துக்குள் அடைத்து வைக்காதீர்கள். படம் இருக்கட்டும், சொல் வெளியே வரட்டும்.

அப்புறம் அவருடைய வட்ஸ்அப்பைத் திறக்கச் சொன்னேன். வாடிக்கையாளர்கள் கேட்ட கேள்விகள் வரிசையாகக் கிடந்தன. மண் இருக்குமா? அரைக் கிலோவாகத் தருவீங்களா? வெள்ளவத்தைக்கு எத்தனை நாள்? ஒருவர் கேட்டிருந்தார்: "ஃபிளாட்டில இருக்கிறம், பார்சல் மணக்குமா?" கூகுளில் ஆட்கள் தேடும் சொற்களுக்கு இதைவிட நல்ல பட்டியலை எந்த நிறுவனமும் உங்களுக்கு விற்க முடியாது. ஒருவர் வட்ஸ்அப்பில் கேட்பதைத்தான் இன்னொருவர் கூகுளில் கேட்கிறார். கேள்வியையும் உங்கள் பதிலையும் அந்தந்தப் பொருளின் பக்கத்தில் போடுங்கள். பக்கத்தின் தலைப்பில் "புதிய வரவு" என்று எழுதாமல் பொருளின் பெயரை எழுதுங்கள். நாம் நெத்தலி என்போம், தமிழ்நாட்டில் நெத்திலி என்பார்கள். இரண்டும் ஒரு தடவை இயல்பாக வந்தால் போதும். முப்பது தடவை கொட்டினால் வாசிக்கிறவரும் ஓடிவிடுவார், கூகுளும் அதைக் குப்பையாகத்தான் பார்க்கும்.

நம் ஊருக்கென்றே ஒரு தனி வியாதி உண்டு: பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. அச்சகத்தில் கல்யாணக் கார்டுக்குத் தட்டிய பழக்கத்தில் தளத்துக்கும் பாமினியிலேயே தட்டிக் கொடுக்கிறார்கள். கண்ணுக்கு நல்ல தமிழ். ஆனால் அது எழுத்துருவின் மாயம். உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். "திருகோ" என்று நீங்கள் வாசிக்கிற இடத்தில் கூகுள் வாசிப்பது ஜே, பி, யூ, என், எஃப், எச். அப்படித் தேடுகிறவர் பூமியில் யார்? சோதிப்பது சுலபம். உங்கள் தளத்திலிருந்து ஒரு வரியை கொப்பி பண்ணி வட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். தமிழாக வந்தால் அது யூனிகோட், அதாவது எந்தக் கருவியும் தமிழ் எழுத்தாகவே வாசிக்கும் முறை. கோணல்மாணலாக ஆங்கிலம் வந்தால் முழுவதையும் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன.

கிண்ணியாவில் சாரமும் அபாயாவும் விற்கிற நானா ஒருவரின் கதை இதைவிட மோசம். வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் செய்த தளம். செய்து கொடுத்த பொடியன் வேலை நடக்கும்போது அமைப்புகளில் "தேடுபொறிகள் இந்தத் தளத்துக்கு வரவேண்டாம்" என்ற கட்டத்தில் சரி போட்டிருக்கிறான். வேலை முடிந்தபின் எடுக்க மறந்துவிட்டான். எட்டு மாதம்! நானா எட்டு மாதமாகக் கதவில் "உள்ளே வராதே" என்று மாட்டிவிட்டு, ஏன் ஒருவரும் வரவில்லை என்று உள்ளே இருந்து யோசித்திருக்கிறார். தளம் கைக்கு வந்து சில வாரத்தில் பாருங்கள்: கூகுளில் எஸ்-ஐ-டி-இ (site) என்று ஆங்கிலத்தில் தட்டி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரி. ஒன்றுமே வராவிட்டால் தளம் செய்தவரை உடனே கூப்பிடுங்கள்.

சேர்ச் கன்சோல் என்று கூகுளின் கருவி ஒன்று இருக்கிறது. இலவசம். எந்தச் சொல்லைத் தேடியவர்களுக்கு உங்கள் கடை காட்டப்பட்டது, எத்தனை பேர் கிளிக் பண்ணினார்கள் என்று அது சொல்லும். அதை உங்கள் மின்னஞ்சலில் திறந்து வையுங்கள், தளம் செய்தவரின் மின்னஞ்சலில் வேண்டாம். டொமைனும், அதாவது உங்கள் தள முகவரியும் அப்படியே. அது யார் பெயரில் பதிந்திருக்கிறது, எப்போது முடிகிறது என்று இன்றைக்கே கேளுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள், காசு உங்களுடையது. பொடியன் வெளிநாடு போனபின் டொமைனை மீட்க அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். "கீவேர்ட் டேக் போட்டுத் தருகிறோம்" என்று, பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சொற்களை அடுக்கத் தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். வரிசைப்படுத்த அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. வேறு தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு ஆயிரம் இணைப்பு, இரண்டாயிரம் இணைப்பு என்று கட்டுக்கட்டாக விற்பவர்களையும் அனுப்பிவிடுங்கள். 2012இல் கூகுளின் வரிசைப்படுத்தும் முறையில் பெங்குவின் என்ற மாற்றம் வந்தபோதே அப்படி வாங்கிய தளங்கள் சறுக்கி விழுந்தன. கமராவில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றாதீர்கள். 5 எம்பி படம் திறக்கும் வரை டேட்டாவில் ஒருவரும் காத்திருக்க மாட்டார். நானாவுக்கு ஆட்கள் வந்துபோகும் கடை இருப்பதால் கூகுள் வரைபடத்தில் கடையை இலவசமாகப் பதியச் சொன்னேன். வீட்டிலிருந்து ஒன்லைனில் மட்டும் விற்பவர்களுக்கு அதில் இடமில்லை. தயவுசெய்து பக்கத்துக் கடை முகவரியைப் போட்டுப் பதியாதீர்கள். மச்சான், மச்சாளைப் பிடித்து ஐந்து நட்சத்திரம் போடுவிப்பதும் வேண்டாம்.

இதையெல்லாம் செய்தாலும் நாளைக்கே ஓடர் வராது. மாதக்கணக்கு ஆகும். அவசரக்காரர்களைத்தான் அந்த 45,000 ரூபாக்காரர்கள் தேடி அலைகிறார்கள்.

நேற்று இரவு அக்கா ஒரு ஸ்கிரீன்ஷொட் அனுப்பியிருந்தார். சேர்ச் கன்சோலில் முதல் தடவையாகக் கடைப் பெயர் இல்லாத ஒரு தேடல், ஆங்கில எழுத்தில் "தலை இல்லாத நெத்தலி". காட்டப்பட்டது 3 தடவை, கிளிக் 0. கீழே "பூச்சியம்தானே தம்பி" என்று எழுதியிருந்தார். 34 பொருளில் 11க்குத்தான் இதுவரை எழுதியிருக்கிறார். திருக்கையை எழுதி முடித்துவிட்டுப் பேசச் சொல்லிப் பதில் போட்டேன்.