தீப்பிடிக்குமா, பிடிக்காதா?

சிக்னலில் பெட்ரோல் டேங்கர் லாரிக்குப் பின்னால் நின்றால் கண்ணெதிரே பெரிய எழுத்தில் தெரியும்: 'ஹைலி இன்ஃப்ளாமபிள்'. அதைப் படித்துவிட்டு வந்த என் மாணவி ஒருத்தி கேட்டாள்: "இன்விசிபிள் என்றால் கண்ணுக்குத் தெரியாதது, இன்கரெக்ட் என்றால் சரியில்லாதது. அப்போது இது தீப்பிடிக்காதது தானே சார்?"

நியாயமான கேள்வி. ஆனால் பொருள் நேர் எதிர்: எளிதில் தீப்பற்றக்கூடியது.

லத்தீனில் 'இன்' என்ற முன்னொட்டு இரண்டு உண்டு. ஒன்று 'இல்லை' என்பது; இன்விசிபிளில் இருப்பது அதுதான். இன்னொன்று 'உள்ளே' என்பது. மூச்சை உள்ளிழுக்கும் இன்ஹேலில் இருப்பது இது. ஃப்ளாமா என்றால் தீச்சுடர். இரண்டாவது 'இன்' அதனோடு சேர்ந்து, தீ மூட்டுவதைக் குறிக்கும் வினைச்சொல் ஆனது. முழங்கால் சிவந்து வீங்கினால் டாக்டர் சொல்கிற இன்ஃப்ளமேஷனும் இதே வேரில் வந்ததுதான்.

தமிழிலும் இரண்டு 'அ' உண்டு. 'அநீதி' என்றால் நீதியில்லாதது. 'அந்நீதி' என்றால் அந்த நீதி. நமக்கு ஒரு 'ந்' நடுவில் நின்று வேறுபாட்டைக் காட்டிவிடுகிறது. ஆங்கில எழுத்தில் அப்படி ஒரு அடையாளமும் இல்லை.

இதில் குழம்பினால் உயிருக்கே ஆபத்து. பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் குளிரில்கூடத் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். ஒரு பொறி போதும். அதனால்தான் 1920களில் அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம், அதிகம் புழங்காமல் கிடந்த 'ஃப்ளாமபிள்' என்ற சொல்லைப் பயன்படுத்தச் சொன்னது. பிரிட்டனின் தர நிர்ணய அமைப்பும் 1959இல் அதையே பரிந்துரைத்தது. நம் லாரிகளில் பழைய சொல்லை இன்னும் பார்க்கலாம்.

ஆக, இரண்டு சொல்லுக்கும் பொருள் ஒன்றே. எச்சரிக்கைப் பலகை எழுதுவதென்றால் 'ஃப்ளாமபிள்' என்றே எழுதுங்கள். தீப்பற்றாத பொருளுக்கு 'நான்-ஃப்ளாமபிள்'. பழைய சொல்லுக்கு இன்றும் பொருத்தமான இடம் ஒன்று உண்டு: மனிதர்களின் கோபம். சட்டென்று பொங்குகிற சுபாவத்தை 'இன்ஃப்ளாமபிள் டெம்பர்' என்பார்கள். அங்கே 'ஃப்ளாமபிள்' போட்டால் காதுக்கு ஒட்டாது.