நகல் மனிதன் அல்ல, படியாள்

போன மாதம் ஒரு திரையிடலில் 'பிளேடு ரன்னர்' போட்டார்கள். படம் முடிந்து விளக்கு எரிந்ததும் பேச வந்தவர் நன்றாகவே பேசினார். ஓயாத மழை, நியான் வெளிச்சம், பிரமிடு போல நிற்கும் டைரல் நிறுவனக் கட்டடம் எல்லாம் அவர் பேச்சில் திரும்ப வந்தன. ஆனால் அந்த நிறுவனம் மனிதரைப் போலவே செய்துவிடும் 'ரெப்ளிகண்ட்' என்ற பிறவிகளுக்கு அவர் வாய்க்கு வாய் சொன்னது 'நகல் மனிதன்', 'நகல் மனிதர்கள்'. படத்தின் கதையைச் சொல்லும் காணொளிகளிலும் இதைக் கேட்டுக் கேட்டு ஏற்கெனவே சலித்துப்போயிருந்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு கல்லூரிப் பெண் எழுந்து, "யாரோட நகல் சார்?" என்று கேட்டார். "மனுஷனோட நகல்தான்" என்றார் பேச்சாளர். "எந்த மனுஷனோட?" அதற்குப் பதில் வரவில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை என்பதுதான் அந்தச் சொல்லின் கோளாறு.

'ரெப்ளிகண்ட்' பிறந்த கதை சிறியது. 1968-இல் பிலிப் கே. டிக் எழுதிய நாவலில் இந்தப் பிறவிகளுக்கு 'ஆண்ட்ராய்டு' என்றே பெயர். படமெடுத்த ரிட்லி ஸ்காட்டுக்கு அது தேய்ந்த சொல்லாகப் பட்டது. திரைக்கதையைத் திருத்தி எழுதிய டேவிட் பீப்பிள்ஸ், உயிரியல் படித்துக்கொண்டிருந்த தன் மகளிடம் கேட்டார். உயிரணுக்கள் பெருகுவதைக் குறிக்கும் 'ரெப்ளிகேஷன்' என்ற சொல்லை மகள் எடுத்துக் கொடுக்க, தகப்பன் அதிலிருந்து 'ரெப்ளிகண்ட்' என்று வார்த்தார். 1982-இல் படம் வந்தது. இலத்தீன் வேருக்குத் 'திரும்ப மடித்தல்' என்று பொருள். டி.என்.ஏ. ரெப்ளிகேஷனை நம் பள்ளி நூல்கள் 'இரட்டிப்பாதல்' என்கின்றன. சொல் பிறந்த இடம் உயிரணு என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

இனி நகல். இது அரபிலிருந்து உருது வழியாக நம் கோர்ட்டு கச்சேரிகளுக்கும் பத்திரப் பதிவுக்கும் வந்த சொல். அதன் இணையான 'அசல்' என்பதும் அப்படியே. அசல் இருந்தால்தான் நகல் உண்டு. அசல் பத்திரம் இல்லாமல் நகல் பத்திரம் எங்கிருந்து வரும்? அப்படியானால் படத்தில் தப்பி வரும் ரெப்ளிகண்டுகளின் தலைவன் ராய் பேட்டி யாருடைய நகல்? அவனுடைய கூட்டாளிகள் பிரிஸ், சோரா, லியோன்? படத்தில் இவர்களுக்கு அசல் என்று எவரும் இல்லை. மரபணு வடிவமைப்பாளர்கள் புதிதாக உருவாக்கிய உடல்கள் இவை. ஒவ்வொருவருக்கும் உருவான தேதி உண்டு, நான்கு ஆண்டு ஆயுள் உண்டு, முன்னோடி மட்டும் கிடையாது. டைரல் நிறுவனத்தில் வேலை செய்யும் ரெப்ளிகண்ட் ரேச்சலின் விஷயத்தில் நகல் ஒன்று இருக்கிறது. அது அவள் உடல் அல்ல, அவளுக்குள் வைத்த நினைவுகள். நிறுவன முதலாளி டைரலின் உடன்பிறந்தார் மகளுடைய குழந்தைப்பருவத்தை எடுத்து இவளுக்குப் பொருத்திவிட்டார்கள். நகல் நினைவைச் சுமக்கும் புது உயிர் அவள். 'நகல் மனிதன்' என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டும்போது படத்தின் மிக நுட்பமான இந்த வேறுபாடு கரைந்துபோகிறது.

2017-இல் டெனி வில்நெவ் எடுத்த இரண்டாம் படத்துக்குப் போனால் சிக்கல் இன்னும் பெரிதாகிறது. அங்கே ரெப்ளிகண்டுகளைச் செய்யும் புது முதலாளி வாலஸ், ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன ரேச்சலைப் போலவே ஒருத்தியைச் செய்து, அவளைக் காதலித்த டெக்கார்டின் முன்னால் நிறுத்துகிறான்; முதல் படத்தில் ரெப்ளிகண்டுகளை வேட்டையாடியவன் இவன். அதே உடை, அதே நடை. டெக்கார்டு பார்க்கிறான், கலங்குகிறான், பிறகு ரேச்சலின் கண்கள் பச்சை என்று சொல்லித் திரும்பிக்கொள்கிறான். வந்து நின்றவள்தான் நகல், செத்துப்போனவள் அசல். எல்லா ரெப்ளிகண்டுகளையும் நகல் என்று முன்பே அழைத்துவிட்ட மொழிபெயர்ப்பாளர் இந்தக் காட்சிக்கு எந்தச் சொல்லை எடுப்பார்? 'நகல் மனுஷியின் நகல்' என்பாரா? அசலாக இருந்த ஒருத்தியை இழந்தவனின் வேதனை அந்தத் தொடரில் எப்படி நிற்கும்? 2009-இல் வந்த 'மூன்' படத்தில் நிலவில் தனியே வேலை செய்யும் சாம் பெல்லுக்கு நகல் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். அங்கே பூமியில் அசல் சாம் பெல் ஒருவன் இருக்கிறான். சொல்லுக்கு அதற்குரிய இடம் இருக்கிறது, இங்கே இல்லை.

இன்னொரு வழக்கு 'இயந்திர மனிதன்'. 2010-க்குப் பிறகு 'எந்திரன்' என்றும் சொல்கிறார்கள். இரும்பும் மின்கம்பியும் கொண்ட சிட்டிக்கு அது சரி. இங்கே ராய் பேட்டியே தன் வாயால் மரபணு வடிவமைப்பாளன் செபாஸ்டியனிடம் சொல்லிவிடுகிறான், நாங்கள் கணினிகள் இல்லை, உடலுள்ளவர்கள் என்று. உறைகுளிரில் கண் மட்டுமே செய்யும் கிழவரிடம் போய், நீ செய்த கண்களால் நான் கண்டதையெல்லாம் நீ காணக் கூடுமானால் என்கிறான். ரத்தம் வருகிறது, கை மரத்துப்போகிறது. இவர்களுக்குள் ஒரு திருகாணி கிடையாது.

படத்தின் தொடக்க எழுத்திலேயே 'ரோபோ' என்று வருகிறதே என்பார்கள். வருகிறதுதான். அந்தச் சொல்லின் கதையையும் பாருங்கள். 1920-இல் செக் நாடகாசிரியர் காரெல் சாப்பெக் எழுதிய நாடகத்தில் அது முதலில் வந்தது. சொல்லை எடுத்துக் கொடுத்தவர் அண்ணன் யோசெஃப். அந்த நாடகத்து ரோபோக்கள் இரும்பால் ஆனவை அல்ல. தொட்டிகளில் பிசைந்து எடுத்த உயிர்ப்பொருளால் ஆனவை. 'ரொபோட்டா' என்றால் கூலியில்லாக் கட்டாய உழைப்பு, சோழர் கல்வெட்டுகள் 'வெட்டி' என்று சொல்லும் அதே உழைப்பு. ரோபோவின் வேரில் இயந்திரமே இல்லை; அடிமை வேலைதான் இருக்கிறது. பின்னால் வந்தவர்கள் இரும்பை மாட்டினார்கள், நாம் அந்த இரும்பை மட்டும் மொழிபெயர்த்துக்கொண்டோம்.

நண்பர் ஒருவர் 'பாவை' என்றார். இந்தச் சொல்லை விட எனக்கு மனமே வரவில்லை, நெடுநாள் வைத்துப் பார்த்தேன். கொல்லிமலையில் 'பூதம் புணர்த்த புதிதியல் பாவை' என்று நற்றிணை சொல்கிறதே, செய்யப்பட்ட உயிர் என்ற எண்ணத்துக்கு நம்மிடம் அதைவிடப் பழைய சான்று வேண்டுமா? படத்தில் ரெப்ளிகண்டைக் கண்டுபிடிக்கும் வாய்ட்-காம்ப் சோதனையை நினைத்துப் பாருங்கள். ஒரு கருவி கண்ணை உற்றுப் பார்க்கிறது. கேள்வி கேட்கும்போது கண்மணி விரிகிறதா, முகம் சிவக்கிறதா என்று அளக்கிறது. கண்மணிக்கும் தமிழில் பாவை என்றுதான் பெயர். முகச்சிவப்புக்கு வள்ளுவர் இருக்கிறார்:

நாணகத் தில்லார் இயக்கம் மரப்பாவை
நாணால் உயிர்மருட்டி யற்று.

உள்ளே நாணம் இல்லாதவர் நடமாட்டம், கயிற்றால் ஆடும் மரப்பாவை உயிருள்ளதுபோல் மயக்குவதற்கு ஒப்பு என்கிறார். நாணம் இருந்தால் மனிதர், இல்லாவிட்டால் பாவை. லாஸ் ஏஞ்சல்ஸ் காவல்துறை அந்தக் கருவியைக் கொண்டு செய்வது ஏறக்குறைய இதே சோதனை.

ஆனாலும் பாவை நிற்காது. இன்றைய காதுக்குப் பாவை என்றால் பெண். மழையில் கூரைமேல் நின்று சாகும் ராய் பேட்டியைப் பாவை என்று எழுதினால் படிப்பவர் தடுக்கி விழுவார். 'பாவையாள்' என்றாலும் பெண்பால் விகுதியாகவே ஒலிக்கிறது. அதைவிடப் பெரிய தடை, பாவை என்ற சொல் தீர்ப்பை முதலிலேயே எழுதிவிடுகிறது. உயிர் இருக்கிறதா, மயக்கமா என்பது படம் கேட்கும் கேள்வி. வள்ளுவரின் மரப்பாவையில் அது மயக்கம்தான் என்று முடிந்துபோயிற்று.

நான் முன்வைப்பது 'படியாள்'.

படி என்றால் ஒன்றைப் போல் எடுத்தது. கல்வெட்டை மைப்படி எடுக்கிறோம், சுவடியைப் படியெடுக்கிறோம். அப்படியானால் நகலுக்குச் சொன்ன குறை இதற்கும் பொருந்தாதா என்று கேட்பது நியாயம். பொருந்தாது. படி என்பதற்கு வடிவம், தன்மை என்ற பொருளும் உண்டு, அது பழையதும் ஆழமானதும். இறைவனைப் பற்றி அப்பர் 'அப்படியும் அந்நிறமும் அவ்வண்ணமும்' என்கிறார். அவனருளே கண்ணாகக் கண்டாலன்றி 'இப்படியன்' என்று எழுதிக்காட்ட ஒண்ணாது என்கிறார். அங்கே படி என்றால் உருவம், யாருடைய நகலும் அல்ல. அதற்கு அருகில்தான் படிவமும் படிமமும் நிற்கின்றன. நாள்தோறும் அப்படி, இப்படி, எப்படி என்று சொல்லும்போது நாம் எதையும் நகலெடுப்பதில்லை. மனித வடிவில் ஆனவர் என்பதற்குப் 'படி' போதும். அசலைத் தேடி ஓட வேண்டியதில்லை.

அடுத்தது ஆள். ஆள் என்றால் ஒருவர், ஆணும் ஆகலாம் பெண்ணும் ஆகலாம். ஆள் என்றால் ஏவல் செய்பவரும்தான்: வேலையாள், கூலியாள், அடியாள். சுந்தரரை வழிமறித்த கிழவேதியர் காட்டியதும் ஆளோலை, அடிமைச் சீட்டு. ரெப்ளிகண்டுகள் வேற்றுக் கோள்களில் அடிமை உழைப்புக்காகச் செய்யப்பட்டவர்கள் என்று படத்தின் முதல் எழுத்துகளே சொல்கின்றன. ஒருவர், அடிமை என்ற இரண்டும் ஒரே அசையில் இருக்கும் சொல் வேறு மொழிகளில் எத்தனை கிடைக்கும்?

இவை எல்லாவற்றுக்கும் மேலே, படியாள் நான் கட்டிய சொல்லே அல்ல. பண்ணையாளைத் தெரிந்தவர்களுக்குப் படியாளும் தெரியும். கூலியைக் காசாக அல்லாமல் நெல்லாக, படிக்கணக்கில் வாங்கிக்கொண்டு, பட்ட கடனால் ஒரே நிலத்தோடு கட்டுண்டு உழைத்தவர்களின் பெயர் அது. அந்தப் படி வேறு, இது வேறு. அளக்கும் படியும் உருவப் படியும் ஒலியில் மட்டும் ஒன்று. ஆனால் செக் மொழியின் கட்டாய உழைப்பிலிருந்து ரோபோ பிறந்ததுபோல, நம் வயல்களின் அடிமை உழைப்பிலிருந்து இந்தச் சொல் எழுந்து வருவதில் எனக்கு ஆழ்ந்த நியாயம் தெரிகிறது. வலி உள்ள சொல்லைத் திரைப்படத்துக்கு எடுப்பதா என்று ஒருவர் கடிந்துகொண்டார். வலி இருப்பதால்தான் எடுக்கிறேன். வலியில்லாத 'நகல்' போன்ற சொற்களால்தான் இந்தப் படம் நமக்கு வெறும் துப்பறியும் கதையாகத் தெரிகிறது.

'படியாள்' என்பதைப் 'பணியமாட்டாள்' என்றும் படிக்கலாமே என்றார் இன்னொருவர். படிக்கலாம். டைரலின் மாளிகையை விட்டு ஓடிப்போன ரேச்சலுக்கு அந்தப் பொருளும் தகும்.

நம் துணைவசனக்காரர்களிடம் எனக்கு இன்னும் இரண்டு மன்றாட்டு உண்டு. முதலாவது, படியாட்களைச் சுட்டுக் கொல்வதற்குப் படத்தில் 'ஓய்வு' என்று பெயர். இது மரண தண்டனை அல்ல, ஓய்வு என்று தொடக்கத்திலேயே எழுதிக் காட்டுகிறார்கள். அதைக் 'கொன்றான்', 'தீர்த்துக்கட்டினான்' என்று மாற்றும்போது மொழிபெயர்ப்பாளர் கதைக்கு விளக்கம் சொல்ல முந்துகிறார். 'ஓய்வு கொடுத்துவிட்டேன்' என்றே எழுதுங்கள். ஓய்வூதியமும் பிரிவுபசார விழாவும் அறிந்த நம் மக்களுக்கு அந்தச் சொல்லின் கொடுமை உறைக்காமல் போகாது.

இரண்டாவது, திணை. 'உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே, அஃறிணை என்மனார் அவரல பிறவே' என்று தொல்காப்பியர் சொல்லதிகாரத்தைத் தொடங்குகிறார். தமிழில் ஒரு வினைமுற்றை முடிக்க வேண்டுமானால் எதிரே நிற்பது மக்களா, பிறவா என்று முடிவு செய்தாக வேண்டும். ஆங்கிலத்தில் இந்த நெருக்கடி எப்போதாவதுதான் வரும். நமக்கு வாக்கியத்துக்கு வாக்கியம் வரும். ரேச்சலுக்குச் சோதனை முடிந்து அவள் வெளியே போனபின், டெக்கார்டு டைரலிடம் அஃறிணையில் கேட்கிறான்: 'தான் என்னவென்று அதற்கே எப்படித் தெரியாமல் இருக்கும்?' நான் பார்த்த தமிழாக்கங்களில் இது 'அவளுக்கே எப்படித் தெரியாது?' என்று வருகிறது. பெண்ணைப் போய் 'அது' என்பதா என்ற கூச்சம் காரணமாக இருக்கலாம். நல்ல கூச்சம்தான், ஆனால் தவறான இடத்தில். டெக்கார்டுக்கு அந்தக் கணத்தில் அந்தக் கூச்சம் இல்லை என்பதே செய்தி.

இங்கேயும் 'ஆள்' கைகொடுக்கிறது. பேச்சில் 'ஆள் வந்திருக்கான்' என்றும் சொல்கிறோம், 'ஆள் வந்திருக்கு' என்றும் சொல்கிறோம், இரண்டும் காதை உறுத்துவதில்லை. படியாள் வந்தது, படியாள் வந்தாள். திணை மாறலாம், பெயர் மாற வேண்டியதில்லை. என்னிடம் மொழிபெயர்ப்பைக் கொடுத்தால் டைரலின் அறையில் 'அது' என்றே வைத்திருப்பேன். பிறகு ரேச்சல் அம்மாவோடு தான் நிற்கும் புகைப்படத்தை எடுத்துக்கொண்டு டெக்கார்டின் வீட்டுக்கு வருகிறாள். ஜன்னலுக்கு வெளியே வலை கட்டிய சிலந்தியையும், முட்டை உடைந்து வந்த நூறு குஞ்சுகள் தாயைத் தின்றதையும், அவள் எவரிடமும் சொல்லாத அந்த நினைவை அவன் சொல்லிக்காட்டுகிறான். அவள் கண் கலங்குகிறது. அந்த வரியிலிருந்து 'அவள்'.