ஸ்ட்ரெஸ்: ‘மன அழுத்தத்தில்’ மனம் எதற்கு?

“பயங்கர ஸ்ட்ரெஸ்ஸா இருக்கு” என்று வாய் சொல்கிறது. எழுத உட்கார்ந்ததும் கை அதையே ‘மன அழுத்தம்’ என்று மாற்றிவிடுகிறது. எனக்கு அந்த ‘மன’ மேல்தான் சந்தேகம். இந்தச் சொல் மருத்துவத்துக்குள் நுழைந்த கதையைத் தேடிப் போனால் அது மனத்தில் அல்ல, எலிகளின் வயிற்றில் போய் நிற்கிறது.

முதலில் வேர். லத்தீனில் ‘ஸ்ட்ரிங்கெரே’ என்றால் இறுக்குதல், இழுத்துக் கட்டுதல். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது கஷ்டம், நெருக்கடி என்ற பொருளில் வழங்கியது. ஸ்ட்ரிக்ட், ஸ்ட்ரெயின் இரண்டும் அதே வேரில் கிளைத்தவை. ஆக, ஸ்ட்ரிக்ட்டான வாத்தியாரும் அவரால் வரும் ஸ்ட்ரெஸ்ஸும் சொந்தக்காரர்கள். 19ஆம் நூற்றாண்டில் பொறியியல் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. கம்பியை இழுக்கும்போது ஓரலகு பரப்பில் உண்டாகும் விசை ஸ்ட்ரெஸ். அதனால் கம்பி நீள்வது ஸ்ட்ரெயின். நம் இயற்பியல் பாடத்தில் தகைவு, திரிபு என்று படித்தோமே, அவைதான்.

சரி, எலிக்கு வருவோம். வியன்னாவில் பிறந்த மருத்துவ ஆய்வாளர் ஹான்ஸ் செல்யே, கனடாவின் மான்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் புதிய ஹார்மோன் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். சூலகச் சாற்றை எலிகளுக்கு ஊசியாகப் போட்டார். அட்ரினல் சுரப்பி பெருத்தது, நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பி சுருங்கியது, இரைப்பையில் புண் வந்தது. கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைத்தவருக்கு அப்புறம்தான் அதிர்ச்சி: திசுக்களைப் பதப்படுத்தும் ஃபார்மலினைப் போட்டாலும் அதே மூன்று மாற்றங்கள். எந்த உபாதைக்கும் உடல் ஒரே பதிலைத்தான் சொல்கிறது என்று 1936இல் ‘நேச்சர்’ இதழுக்கு ஒரு சின்னக் கடிதம் எழுதினார். பிறகு அந்தப் பதிலுக்கு ‘ஸ்ட்ரெஸ்’ என்று பெயர் வைத்தார். பொறியியல் கணக்குப்படி அதை ஸ்ட்ரெயின் என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்? தன் ஆங்கிலம் அப்போது அவ்வளவு போதாது என்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். காரணத்தின் பெயரைக் காரியத்துக்குக் கொடுத்துவிட்டதால், காரணத்துக்கு ‘ஸ்ட்ரெஸ்ஸர்’ என்று இன்னொரு சொல்லை உண்டாக்க வேண்டியதாயிற்று.

உடல் சொல்லும் அந்தப் பதில் என்ன? கூட்டமான பஸ்ஸில் பாக்கெட்டைத் தடவுகிறீர்கள், பர்ஸைக் காணோம். அடுத்த நொடியே மூளையின் ஹைபோதலாமஸ் பரிவு நரம்புகளை (ஆபத்தில் உடலை உசுப்பும் நரம்புகள்) முடுக்க, சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி அட்ரினலினை ரத்தத்தில் கொட்டுகிறது. லத்தீனில் ‘அட்’ என்றால் அருகே, ‘ரெனேஸ்’ என்றால் சிறுநீரகங்கள். தமிழில் ‘அண்ணீரகச் சுரப்பி’ என்று யாரோ அழகாக ஆக்கியிருக்கிறார்கள். அண்மையில் இருக்கிற அதே ‘அண்’தான்.

இதற்குப் பிறகு நடப்பதையெல்லாம் நம் ஊர்ப் பேச்சு எப்போதோ பதிவுசெய்துவிட்டது. குடலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கி, செரிமானம் ஓரங்கட்டப்படுகிறது: வயிற்றில் புளியைக் கரைக்கிறது. தோலுக்குப் போகும் ரத்தமும் குறைகிறது: முகம் வெளிறுகிறது. எச்சில் வற்றி நாக்கு ஒட்டிக்கொள்கிறது, நெஞ்சு படபடக்கிறது, மயிர்க்கூச்செறிகிறது. ‘குலை நடுங்கியது’ என்கிறோமே, அந்தக் குலை ஈரற்குலைதான். ஈரல் உண்மையில் நடுங்குவதில்லை; சேமித்துவைத்த கிளைக்கோஜனைச் சர்க்கரையாக்கி ரத்தத்தில் விடுகிறது. எல்லாமே ஓடவோ சண்டை போடவோ தசைகளைத் தயார்செய்யும் ஏற்பாடு.

அட்ரினலின் சில நிமிடங்களில் கழிந்துவிடும். பின்னாலேயே, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி தூண்டிவிட, அதே அட்ரினலிலிருந்து கிளம்பும் கார்டிசால் என்ற ஹார்மோன் நிதானமான ஆள். உச்சத்தைத் தொட இருபது முப்பது நிமிடம் எடுத்துக்கொள்ளும். பர்ஸ் மடியில் இருப்பது தெரிந்து நீங்கள் சிரித்துக்கொண்டு இறங்கிய பிறகும் அது வேலையில் இருக்கும்.

பர்ஸ் விஷயத்திலாவது மனம் இருக்கிறது. அறுவை சிகிச்சையை எடுத்துக்கொள்ளுங்கள். மயக்க மருந்தில் மனம் ஆழ்ந்து உறங்கும்போதும், கத்தி பட்ட உடல் கார்டிசாலைக் கூட்டுகிறது. வேளாண் அறிவியலில், தண்ணீரில்லாமல் வாடும் நெற்பயிருக்கும் ஸ்ட்ரெஸ் உண்டு. நெற்பயிருக்கு மன அழுத்தம் என்று எழுத முடியுமா?

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மனச்சோர்வு என்று சொல்ல வேண்டிய நோயையும் பலர் ‘மன அழுத்தம்’ என்றே எழுதுகிறார்கள். பரீட்சைக்கு முந்தின ராத்திரிப் படபடப்புக்கும், வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாமல் கிடப்பதற்கும் ஒரே பெயர். ‘மன இறுக்கம்’ வேரோடு நன்றாகப் பொருந்தும். ஆனால் ஆட்டிசத்துக்கு அதைப் புழங்கத் தொடங்கிவிட்டார்கள். ‘மன உளைச்சல்’ நல்ல சொல், கைகால் உளைச்சலிலிருந்து வந்த வலி அதில் இருக்கிறது. நுகர்வோர் நீதிமன்றத்தில் அதற்கு இழப்பீடுகூடக் கிடைக்கும். ஆனால் அது பட்ட வேதனையைத்தான் சொல்லும், உடலின் ஏற்பாட்டைச் சொல்லாது.

இலங்கைத் தமிழ் உளநல எழுத்துகளில் ‘நெருக்கீடு’ என்ற சொல் புழங்குகிறது. என் ஓட்டு அதற்குத்தான். நெருக்கு, நெருக்கடி என்று எல்லோருக்கும் தெரிந்த வேர். லத்தீன் சொல்லின் இறுக்கமும் அதில் உண்டு. மனம், உடல், பயிர் எதன் முன்னாலும் ஒட்டும். செல்யே குழப்பிய இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில், வெளியிலிருந்து வருவதை நெருக்கீடு என்றும் உடல் அதைத் தாங்கி நிற்பதைத் தகைவு என்றும் எழுதலாம். தகைதல் என்றால் தடுத்தல்தானே.

போகிற போக்கில் ஒன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன் விவரித்த ‘ஃபைட் ஆர் ஃப்ளைட்’டை, அதாவது ஓடவோ சண்டை போடவோ உடல் தயாராவதை, சிலர் ‘சண்டை அல்லது பறத்தல்’ என்று தமிழாக்கிவிடுகிறார்கள். கேனன் நாயைக் குரைக்கவிட்டுப் பூனைகளைத்தான் ஆராய்ந்தார். அவற்றில் எதுவும் பறக்கவில்லை. ‘மோதல் அல்லது ஓட்டம்’ என்று எழுதினால் போதும்.