கட்டம் கட்டமாகத் தெரிந்தால் கோப்பு கெட்டுவிட்டதா?

பழுதான சர்வர் ஒன்றை மீட்பு நிலையில் ஏற்றியிருந்தோம். லினக்ஸ் கன்சோலில் (எழுத்துகள் மட்டுமே தெரியும் கட்டளைத் திரையில்) கோப்புகளைப் பட்டியலிட்டதும், தமிழ்ப் பெயர்கள் வரவேண்டிய இடமெல்லாம் ஒரே மாதிரியான கட்டங்கள். வட்டு கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிய உடனிருந்த இளைஞர், அந்தப் பெயர்களை மாற்றத் தொடங்கிவிட்டார். நான் கவனிப்பதற்குள் ஐந்தாறு பெயர்கள் போய்விட்டன. அவற்றைக் காப்புப் பிரதியிலிருந்து தேடி எடுக்க வேண்டியதாயிற்று.

மிச்சமிருந்த ஒரு பெயரை 'ஓடி' (od) கட்டளைக்குக் கொடுத்து, பைட்டுகளை எண்களாகப் பார்த்தேன். 224, 174, 149 என்று தொடங்கியது. எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் அது 'க'. பெயர் அப்படியே பத்திரமாக இருந்தது. அதை வரைந்து காட்டும் வடிவம்தான் கன்சோலிடம் இல்லை.

உலக எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் தரும் யூனிகோடில் 'க'வின் எண் 2965. அந்த எண்ணுக்கு எழுத்துருவின் எத்தனையாவது வடிவம் என்று ஓர் அட்டவணையைப் பார்த்துத்தான் கன்சோல் திரையில் வரைகிறது. விஜிஏ உரை முறையில் (எழுத்துகளை மட்டும் காட்டும் பழைய திரை முறையில்) எழுத்துருவுக்கு 256 வடிவங்கள், மிஞ்சிப்போனால் 512. அந்த 512க்கும் விலை உண்டு: பளிச்சென்ற நிறத்துக்கான பிட் இரண்டாவது 256ஐச் சுட்டப் போய்விடுவதால், எழுத்து நிறங்கள் 16லிருந்து 8 ஆகக் குறையும். அட்டவணையில் இல்லாத எழுத்து எதுவானாலும் 65533ஆம் எண்ணுக்குரிய மாற்று வடிவமே வரும். பத்து வேறு எழுத்துகளுக்கும் ஒரே கட்டம் வருவது அதனால்தான்.

அட்டவணை இருந்தும் பொருந்தாமல் போவது இதைவிட மோசம். கன்சோல் எழுத்துருவைத் தாங்கும் பிஎஸ்எஃப் கோப்பின் கடைசியில் இந்த அட்டவணையைச் சேர்த்து வைக்கலாம்; சில பழைய எழுத்துருக்களில் அது இருக்காது. அப்போது முந்தைய எழுத்துருவின் அட்டவணையே கன்சோலில் நின்றுவிடும். அப்படி ஓர் எழுத்துருவை நானே 'செட்ஃபான்ட்' (setfont) கட்டளை கொண்டு ஏற்றியிருக்கிறேன். ஆங்கிலம் ஒழுங்காகத் தெரிந்தது, சரி என்று விட்டுவிட்டேன். பிறகு நிறுவல் மெனுவைத் திறந்தால், கட்டக் கோடுகளுக்குப் பதில் சம்பந்தமில்லாத எழுத்துகள்! ஆங்கில எழுத்துகள் அநேகமாக எல்லா எழுத்துருக்களிலும் ஒரே இடத்தில் இருப்பவை. அவற்றை வைத்துச் சோதிப்பது சோதனையே அல்ல. இப்போதெல்லாம் 'பிஎஸ்எஃப்கெட்டேபிள்' (psfgettable) கட்டளை கொண்டு அட்டவணை உள்ளதா என்று பார்த்துவிட்டே ஏற்றுகிறேன்.

தமிழ் வடிவங்களைச் சேர்த்துவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். 'கெ' என்பதில் 'க' முதலில், கொம்பு அடுத்து என்றே சேமிக்கப்படுகிறது. கன்சோலும் வந்த வரிசையிலேயே கட்டத்துக்கு ஒன்றாக வைக்கும். கொம்பு 'க'வுக்கு வலப்பக்கம் போய் நிற்கும். அதனால் தமிழ்ப் பெயருள்ள கோப்புகளில் கைவைக்கும் முன், தமிழைச் சரியாகக் காட்டும் வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து நுழையும் வசதி) வழியாக நுழைந்து அவற்றைப் படித்துவிடுகிறேன்.