அருவ நிலக்காட்சி: சொல்லும் செய்முறையும்

ஓவியக் கண்காட்சிகளில் ஆப்ஸ்ட்ராக்ட் லேண்ட்ஸ்கேப் எனப்படுவதைத் தமிழில் அருவ நிலக்காட்சி, அரூப நிலவெளி, நவீன இயற்கை ஓவியம் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். மலை, நீர், வெளிச்சம், வானிலை இவற்றிலிருந்து பிறந்தாலும் அவற்றின் தோற்றத்தை அப்படியே காட்டாத ஓவியம் என்பதே பொருள்.

லேண்ட்ஸ்கேப், டச்சு மொழியின் லாண்ட்ஸ்காப்பிலிருந்து வந்தது. முதலில் அதற்கு நிலப்பகுதி என்றுதான் பொருள். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது அது ஓவியர்களின் தொழிற்சொல். வரைந்த படத்தைத்தான் குறித்தது. கண்ணெதிரே விரியும் நிலத்தையும் அப்பெயரால் அழைத்தது பிறகு. ஆப்ஸ்ட்ராக்ட்டுக்கு இலத்தீன் வேர்: அப்ஸ் என்றால் 'விலக்கி', ட்ராஹெரே என்றால் 'இழு'. ஒன்றிலிருந்து பிரித்தெடுப்பது. ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்துக்கும் அதே சொல் வழங்குவது இதனால்தான்.

இங்கேதான் 'அருவம்' இடறுகிறது. அருவம் என்றால் உருவமே இல்லாதது. பிரித்தெடுத்தல் என்ற செயல் அதில் இல்லை. எதையும் சுட்டாத, வெறும் வண்ணமும் வடிவமுமான ஓவியத்துக்கு அது பொருந்தும். நிலத்தின் சாயலை மிச்சம் வைக்கும் ஓவியத்துக்குச் சைவ சித்தாந்தத்திலேயே இன்னும் துல்லியமான சொல் இருக்கிறது: அருவுருவம். வடிவம் உண்டு, ஆனால் முகமோ உறுப்புகளோ இல்லாத இலிங்கத் திருமேனியை அப்படிச் சொல்வார்கள். ஆகவே அருவுருவ நிலக்காட்சி என்பதே எங்கள் பரிந்துரை. 'நவீன ஓவியம்' கூடவே கூடாது. மனித உருவம் தெளிவாகத் தெரியும் படங்களும் அதில் அடங்கிவிடும். இயற்கைக் காட்சி என்பதும் நாள்காட்டிப் படத்தைத்தான் நினைவூட்டுகிறது.

பிரித்தெடுத்தல் எப்படி நடக்கிறது என்பதற்கு டச்சு ஓவியர் மோந்திரியானின் மர ஓவியங்கள் நல்ல சான்று. 1911இன் சாம்பல் மரத்தில் அடிமரமும் கிளைகளும் அடையாளம் தெரிகின்றன. 1912இன் பூத்த ஆப்பிள் மரத்தில் வளைகோடுகளும் அவற்றின் இடைவெளிகளும்தான் மிச்சம்.

பட்டறையில் இது படிப்படியான வேலை. வெளியே அமர்ந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்க வேண்டும். அப்போது இலையும் கல்லும் மறைந்து இருள், நடுத்தரம், ஒளி என்ற மூன்று திரள்கள் மட்டும் தெரியும். அதைத் தீப்பெட்டியை விடச் சற்றே பெரிய கட்டங்களில் ஐந்தாறு முறை, ஒவ்வொன்றும் இரண்டு மூன்று நிமிடத்துக்குள், வரைய வேண்டும். நேரம் கூடினால் கை விவரங்களுக்குப் போய்விடும். பிறகு பட்டறையில் ஒளிப்படத்தைப் பார்க்காமல் இந்தக் குறுவரைவை மட்டும் வைத்து வேலை செய்வது நல்லது. அல்ட்ராமரீன் நீலம், எல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் சியென்னா (செங்காவி), வெள்ளை ஆகிய நான்கு வண்ணங்களே முதல் பத்துப் படங்களுக்குப் போதும்.

திரள்களைச் சம அளவில் பிரித்தால் படம் செத்துவிடும். ஒன்று பாதிக்கு மேல் இடம் எடுக்க வேண்டும், ஒன்று மிகச் சிறியதாக இருக்க வேண்டும். அகலவாட்டுக் கித்தானில் குறுக்கே ஒரு கோடு போட்டாலே கண் அதைத் தொடுவானமாக வாசிக்கும். இது வசதியும்தான், வலையும்தான். வேண்டாமென்றால் சதுரக் கித்தானுக்கு மாறுங்கள், அல்லது கோட்டை இரண்டு இடத்தில் உடையுங்கள்.

கெடுவது பெரும்பாலும் ஈரத்தால். நீலமும் காவியும் காயாமல் ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் சேற்று நிறம்தான் கிடைக்கும். கீழ்ப் பூச்சு காய்ந்த பின் மேலே போகலாம், இல்லையென்றால் வண்ணம் பூசும் கத்தியால் ஒரே இழுப்பில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடலாம். நீரில் கலக்கும் அக்ரிலிக் வண்ணம் காயும்போது ஒரு படி கருமையாகும். ஈரத்தில் அதன் பசை பால்போல் வெளுத்திருப்பதே காரணம். வண்ணத்தின் அளவுக்கு மேல் நீர் சேர்த்தால் பசை பலமிழந்து வண்ணம் தூளாக உதிரலாம். எண்ணெய் வண்ணத்தில் கீழடுக்கு மெலிந்தும் மேலடுக்கு எண்ணெய் மிகுந்தும் இருக்க வேண்டும். மாற்றினால் விரிசல் விடும். அக்ரிலிக்கின் மேல் எண்ணெய் வண்ணம் நிற்கும், எண்ணெயின் மேல் அக்ரிலிக் நிற்காது.

அமெரிக்க ஓவியர் ஹெலன் ஃபிராங்கந்தாலர் 1952இல் 'மலைகளும் கடலும்' ஓவியத்தில் நீர்க்கச் செய்த எண்ணெய் வண்ணத்தை ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு பூசாத துணியில் ஊறவிட்டார். கறைகளைச் சுற்றி எண்ணெய் வளையம் படர்ந்தது. அந்த முறையில் எண்ணெய் நாளடைவில் துணியை நொறுங்கவும் வைக்கும். 1960களில் அவர் அக்ரிலிக்குக்கு மாறிவிட்டார். ஊறவிடும் முறையை விரும்புகிறவர்கள் நேராக அக்ரிலிக்கில் தொடங்கலாம்.

முடிந்த படத்துக்கு எந்தப் பெயர் என்று ஐயம் வந்தால் தலைகீழாக நிறுத்திப் பாருங்கள். எந்தப் பக்கம் மேல் என்பது பொருட்டே இல்லையென்றால் அருவம் என்றே எழுதலாம். பாரம் தவறான இடத்தில் தொங்குவதாகக் கண் உறுத்தினால் நிலம் இன்னும் உள்ளே இருக்கிறது. அருவுருவ நிலக்காட்சி என்று எழுதுங்கள்.