பறவைப் படத்துக்கு லென்ஸ் வாங்கும் முன் போட வேண்டிய வகுத்தல் கணக்கு

பெங்களூர் ஹெப்பால் ஏரியில் கூழைக்கடாவை எந்த லென்ஸை வைத்தும் எடுத்துவிடலாம். பாடாய்ப் படுத்துவது 15 மீட்டர் தள்ளி நாணல் நுனியில் உட்கார்ந்திருக்கும் சிறு நீல மீன்கொத்திதான். மொத்த நீளமே சுமார் 16 செ.மீ. என்பதால், 600 மி.மீ. லென்ஸிலும் சென்சாரில் (கேமராவுக்குள் படத்தைப் பதிவு செய்யும் சில்லில்) விழும் அதன் உருவம் 6.4 மி.மீ.தான், 400 என்றால் 4.3.

சரி, 800 வாங்கிவிடலாமே என்று தோன்றும். அதற்கு முன் லென்ஸின் மி.மீ. எண்ணை எஃப் எண்ணால் (லென்ஸின் மேல் 6.3, 9 என்று எழுதியிருக்குமே, அதனால்) வகுத்துப் பாருங்கள், ஒளி நுழையும் வட்டத்தின் விட்டம் கிடைக்கும். சிக்மா, டாம்ரான் 150-600 ஜூம் லென்ஸ்களில் 600-ஐ 6.3-ஆல் வகுத்தால் 95 மி.மீ.; முன்கண்ணாடி அவ்வளவு அகலமாக இருப்பதும் லென்ஸ் இரண்டு கிலோ அளவுக்குக் கனப்பதும் இதனால்தான். கேனன் 200-800-இல் 800-ஐ 9-ஆல் வகுத்தால் 89தான் வருகிறது, ஆக அதே இடத்தில் நின்று அதே ஷட்டர் வேகத்தில் எடுத்தால் மீன்கொத்தியிடமிருந்து வரும் ஒளியில் 800 பிடிப்பது 600-ஐவிடக் கொஞ்சம் குறைவு! உருவம் பெரிதாகிறது, ஒளி கூடவில்லை, இருப்பது அகலமாகப் பரவுகிறது. ஈடுகட்ட ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்வு அளவை, ஏற்றுவீர்கள், இறகு முழுக்கப் புள்ளி புள்ளியாக நாய்ஸ் வரும். எஃப் 6.3 உள்ள 100-400 என்றால் விட்டம் 63, பரப்பில் 95-இன் பாதிகூட இல்லை.

ஆகஸ்டில் மேகம் மூடிய காலையில் அல்சூர் ஏரிக்கு மேல் செம்பருந்து மீனைக் குறிவைத்துப் பாயும்போது 1/2000 நொடி வேண்டும், அங்கே இந்த ஒளி ஒவ்வொரு துளியும் முக்கியம். லென்ஸுக்குள் இருக்கும் நடுக்கத் தடுப்பு உங்கள் கையாட்டத்துக்குத்தான், சிறகடிப்பை அது நிறுத்தாது.

ஜூம் எதற்கு என்றால், ஃபுல் ஃப்ரேமில் (36 மி.மீ. அகலச் சென்சார் உள்ள கேமராவில்) 600 காட்டும் அகலம் மூன்றரை டிகிரிதான், பறக்கும் பறவையை அதற்குள் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. 200-இல் பத்து டிகிரி. அதில் பிடித்து, அப்புறம் 600-க்கு ஜூம் செய்யுங்கள்.

இரண்டு கிலோவைத் தூக்கி ஏரியைச் சுற்ற முடியாதவர்கள் தயங்காமல் 100-400 வாங்கலாம். 15 மீட்டர் தூரத்தை 7.5-ஆகக் குறைத்தால் ஒளி நான்கு மடங்கு, அந்தத் தூரத்தில் 63 மி.மீ. வட்டம் 15 மீட்டரில் நிற்கும் 95-ஐ ஜெயித்துவிடும். பறவையைத் துரத்திக்கொண்டு போகாமல், அது வழக்கமாக வந்து உட்காரும் கிளைக்குப் பக்கத்தில் அசையாமல் காத்திருந்தால் போதும். கூடு இருந்தால் மட்டும் விலகிவிடுங்கள்.